பச்சை இறைச்சியா, வெந்த இறைச்சியா, தட்டை மாற்றினால் போதுமா?

போன மாதம் என் மனைவியின் தம்பி கொழும்பிலிருந்து வந்தான். பையிலிருந்து முதலில் அம்மாவுக்கு வாங்கிய சால்வையை எடுத்தான். அடுத்து, வரும் வழியில் நுவரெலியா டவுனில் வாங்கிய அரைக் கிலோ மாட்டிறைச்சி. அதைச் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, "மச்சான், நாளையிலிருந்து எனக்குச் சோறும் வேணாம், ரொட்டியும் வேணாம். இறைச்சி மட்டுந்தான். அதுவும் பச்சையா" என்றான். சரி, முதலில் பிரிட்ஜில் வை என்றேன். "இந்தக் குளிருக்கு பிரிட்ஜ் எதுக்கு? ஊரே பிரிட்ஜ்தானே" என்றான்.

அவனுக்கு வயது 34. வயிறு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்டால் கண்ணைச் சொருகுகிறது. வெறும் வயிற்றில் சீனி பார்த்தபோது 112 வந்திருக்கிறது. நூறுக்குக் கீழே இருக்க வேண்டும், 126ஐத் தொட்டால் சலரோகம். இவன் நடுவில் நிற்கிறான். அத்தைக்கு, அதாவது அவனுடைய அம்மாவுக்கு, பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். ஆக, பயப்படக் காரணம் இருக்கிறது. பச்சை ஈரலைக் கடித்துத் தின்று உடம்பு இரும்பாகிவிட்டது என்று சொல்லும் ஆட்களின் வீடியோக்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்திருக்கிறான். கேலி செய்து அனுப்பிவிடலாம்தான். ஆனால் கேலி செய்தால் அவன் ரூமுக்குப் போய்த் தனியாகச் செய்வான். உட்கார்ந்து ஒவ்வொரு வழியாகப் பார்த்தோம். அன்று பேசியதோடு, பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் கேட்ட வழி: எல்லாம் பச்சை.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்களில் ஒன்று உண்மை. சூடு பட்டால் சில விட்டமின்கள் குறையும். சி விட்டமினும், பி வகையில் தயமினும் அப்படிப்பட்டவை. ஆனால் இறைச்சியில் சி விட்டமின் முதலிலேயே மிகக் குறைவு, ஈரலில்தான் கொஞ்சம் உண்டு. வேலி ஓரத்துக் கொய்யாப்பழம் ஒன்றைச் சாப்பிட்டால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். பச்சை இறைச்சியில் உள்ள நொதிகள் செரிமானத்துக்கு உதவும் என்பது இன்னொரு நியாயம். அந்த நொதிகளும் புரதம்தான். இரைப்பை அமிலத்துக்கு இது நொதி, இது சதை என்ற பாகுபாடு தெரியாது, எல்லாவற்றையும் உடைத்துவிடும். சமைப்பதால் புரதம் அழிவதும் இல்லை. வேகும்போது அதன் முறுக்கு அவிழ்வதால் நம் குடலுக்கு வேலை சுலபமாகிறது.

"எஸ்கிமோக்காரங்க பச்சையாத்தானே சாப்பிடறாங்க" என்றான். சாப்பிடுகிறார்கள், உண்மைதான். உறைபனியில், அன்று வேட்டையாடியதை, பல தலைமுறை அறிவோடு சாப்பிடுகிறார்கள். அவர்களிடையேகூடக் கடற்பசுபோல் பெரிதாக இருக்கும் வால்ரஸ் இறைச்சியைப் பச்சையாகத் தின்று டிரிக்கினெல்லா என்ற புழுவால் நோய் வந்திருக்கிறது. அவர்களோடு வாழ்ந்த ஸ்டெஃபான்சன் என்ற ஆய்வுப் பயணி, 1928இல் நியூயோர்க் பெல்வியூ ஆஸ்பத்திரியின் கண்காணிப்பில், ஒரு கூட்டாளியோடு ஒரு வருடம் இறைச்சியும் கொழுப்பும் மட்டும் சாப்பிட்டுக் காட்டினார். இருவரும் நன்றாகவே இருந்தார்கள். இறைச்சிக்கட்சிக்காரர்கள் இதை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். அவர்கள் பேசாமல் விடும் விஷயம், அந்த இறைச்சி பெரும்பாலும் சமைத்தது. இன்னொன்று, கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் கொடுத்தபோது ஸ்டெஃபான்சனுக்கு மூன்று நாளுக்குள் வயிற்றுப்போக்கு வந்தது, கொழுப்பைச் சேர்த்த பிறகே நின்றது. நம் பக்கத்து ஆட்டிறைச்சியில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று வாங்குபவர்களுக்குத் தெரியும்.

பச்சை இறைச்சியைக் கலையாகவே வைத்திருக்கும் நாடு ஜப்பான். அங்கே 2011இல் ஒரு உணவகத் தொடரில் பச்சை மாட்டிறைச்சி சாப்பிட்டவர்களில் 5 பேர் ஈ.கோலை கிருமியால் இறந்தார்கள். அதன்பின் சட்டத்தை இறுக்கி, 2012இல் பச்சை மாட்டு ஈரலையும் 2015இல் பச்சைப் பன்றியிறைச்சியையும் கடைகளில் பரிமாறத் தடை செய்தார்கள். அவ்வளவு சுத்தமும் குளிரூட்டலும் உள்ள ஊரின் நிலைமை அது. இங்கே இறைச்சிக்கடையில் ஒரே மரக்கட்டை, ஒரே கத்தி, துடைப்பதற்கு ஒரே துணி. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. வாங்கிப் போகிறவர் வேகவைப்பார் என்ற நம்பிக்கையில்தான் அவர் விற்கிறார், நாமும் அந்த நம்பிக்கையில்தான் வாங்குகிறோம்.

கோழியில் சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் என்ற கிருமிகள் சாதாரணமாக இருக்கும். பின்னது வந்து போன பிறகு சிலருக்குக் கைகால் விழும் நரம்பு நோயும் வரலாம், அபூர்வமாகத்தான். சரியாக வேகாத மாட்டிறைச்சி வழியே வரும் நாடாப்புழு பல மீட்டர் வளரும். பன்றி நாடாப்புழு இன்னும் மோசம். அந்தப் புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டை இன்னொருவர் வாய்க்குப் போனால், மூளையில் கட்டி வைத்து வலிப்பு வரை கொண்டுபோகும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நாலைந்து வீட்டுக்கு ஒரு கக்கூஸ் இருக்கும் இடங்களில், ஒருவர் பச்சையாகத் தின்பது அவர் சொந்த விஷயமாக மட்டும் இருக்காது.

இனி அந்த ஜன்னல் திட்டு. "ஊரே பிரிட்ஜ்" என்பதுதான் எனக்கு மிகவும் ஆபத்தாகப் பட்ட பேச்சு, ஏனென்றால் நாமும் அப்படித்தான் நினைத்துப் பழகியிருக்கிறோம். நேற்று மீந்த கறியை மூடி வெளியே வைப்போம், காலையில் முகர்ந்து பார்ப்போம், சரி என்போம். நுவரெலியாவின் வருடச் சராசரி வெப்பம் சுமார் 16 பாகை. நமக்கு ஸ்வெட்டர் வேண்டும், கிருமிக்கு வேண்டாம். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் அது பெருகும். பிரிட்ஜ் என்றால் 5க்குக் கீழே. பனி விழும் சில மாசி விடியல்களைத் தவிர நம் ஊர் அந்த அளவுக்கு இறங்குவதில்லை, இறங்கினாலும் எட்டு மணிக்கு வெயில் வந்துவிடும். ஹட்டன், பண்டாரவளை என்றால் இன்னும் சூடு. அன்று அந்த இறைச்சிப் பையைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே சில்லென்று இருந்தது. அடியில் கையை விட்டால் பஸ்ஸின் சூடு இன்னும் போகவில்லை. சிவப்புத் தண்ணீர் திட்டில் வடிந்து, பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்பு வரை வந்திருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கோப்பையை எடுத்துச் சுடுதண்ணி ஊற்றினார். அவர் மாடு சாப்பிட மாட்டார், மாடு சமைத்த சட்டியைத் தொடவும் மாட்டார்.

ஃப்ரீஸரில் வைத்தால் போதாதா? நல்ல உறைகுளிரில் பல நாள் வைத்தால் பெரும்பாலான புழுக்கள் செத்துப்போகும். பாக்டீரியா சாகாது, தூங்கும், வெளியே எடுத்ததும் எழும்பும். போதாக்குறைக்குக் கரண்டை நம்ப முடியாது. 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது யாருக்கும் மறந்திருக்காது. இப்போது அந்த நிலைமை இல்லை. ஆனால் ஒரு மரம் கம்பியில் விழுந்தாலே எங்கள் பக்கத்துக்கு அரை நாள் இருட்டு.

இந்த வழி வேண்டாம் என்பதுதான் என் முடிவு. கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், சலரோகக்காரர்கள் விஷயத்தில் யோசனைக்கே இடமில்லை.

பாதி பச்சை, பாதி சமையல் என்று இடையில் ஒரு வழி இருக்கிறது. இதில் அதிகம் பேச ஒன்றும் இல்லை. பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக்கொள்வது பழைய பயில்வான் பழக்கம். 1998இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தபோது, வெந்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 வீதம் உடம்பில் சேர்ந்தது, பச்சை முட்டையில் ஏறத்தாழ 50 வீதம்தான். அதாவது பச்சையாகக் குடித்தால் அரை முட்டையைத் தூக்கி எறிகிறீர்கள். மீனைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்தால் வெந்ததுபோல் வெளுக்கும், நிறம்தான் மாறும், கிருமி இருக்கும். கடற்கரையிலிருந்து லொறியில் மலையேறி வரும் மீனை வைத்து இந்தச் சோதனை செய்யக் கூடாது. பச்சை ஈரல் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது.

மூன்றாவது வழிதான் நியாயமாக எடைபோட வேண்டியது: இறைச்சி, மீன், முட்டை மட்டும், ஆனால் நன்றாகச் சமைத்து. மாவுச்சத்து அறவே இல்லை. இதில் பலருக்கு எடை குறைகிறது, சீனி இறங்குகிறது, அது பொய்யில்லை. பசி சீக்கிரம் வராது. கிருமிப் பயமும் இல்லை. கோழிக்கு உட்பகுதி 74 பாகை, அரைத்த இறைச்சிக்கு 71 பாகை தொட்டால் போதும். முழுத் துண்டாக இருந்தால் 63 பாகையில் இறக்கிச் சில நிமிடம் அப்படியே விடலாம், ஏனென்றால் அதில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்ததில் அது உள்ளே கலந்துவிடும்.

இங்கே மலைநாட்டுக்காரர் ஒருவர் கேட்கக்கூடிய நல்ல கேள்வி ஒன்று உண்டு. உயரம் கூடினால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுமே, கிருமி சாகுமா? நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையில் கொதிக்கும். 74க்கு மேலே இன்னும் 20 பாகை கையில் இருக்கிறது, ஆகவே கவலையில்லை. ஆனால் இறைச்சி மெத்தென்று ஆக நேரம் கூடும். கொழும்பில் முக்கால் மணி நேரத்தில் வேகும் மாட்டிறைச்சி இங்கே அசையாமல் கிடப்பது அதனால்தான். குக்கர் இருந்தால் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

குறைகள்? நார்ச்சத்து பூச்சியம், மலச்சிக்கல் வரும். சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறும். யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குகிறவர்களுக்கு இது தீயில் எண்ணெய். சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. ஈரல் நல்லதென்று தினமும் சாப்பிடவும் முடியாது: 100 கிராம் மாட்டு ஈரலிலேயே ஏ விட்டமின் ஒரு நாளைய உச்ச அளவைத் தாண்டிவிடும், கர்ப்பிணிகளுக்கு அது குழந்தையைப் பாதிக்கலாம். அப்புறம் மருந்து. அத்தை போடுவது கிளிக்லசைட் என்ற சீனி மாத்திரை. அதையோ இன்சுலினையோ அதே அளவில் போட்டுக்கொண்டு சோற்றையும் ரொட்டியையும் திடீரென்று நிறுத்தினால் சீனி சடாரென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம். மகன் செய்வதைப் பார்த்துத் தாயும் செய்வது நம் வீடுகளில் நடக்கும். இதை அவனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

காசைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இறைச்சி மட்டும் என்றால் ஒரு ஆளுக்கு நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வேண்டும். மாதம் முப்பது கிலோ. விலையை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கும் நாட்சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால், வீட்டில் ஒருவர் இறைச்சி தின்ன மற்ற நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மரக்கறி, கோயில் விரதம் என்று வரும் நாட்களில் என்ன செய்வான் என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை.

நாலாவது வழிக்கு வீடியோ கிடையாது. தட்டில் இருப்பதைக் கூட்டிக் குறைப்பதுதான்.

முதலில் அவன் ஒரு நாள் என்ன சாப்பிடுகிறான் என்று ஒரு பழைய பில்லின் பின்னால் எழுதச் சொன்னேன். காலையில் கோதுமை மா ரொட்டி மூன்று, சம்பல். பத்து மணிக்கு பனிஸ். மத்தியானம் சோறு மலைபோல், பருப்பு, உருளைக்கிழங்கு, ஒரு துண்டு மீன். பின்னேரம் பிஸ்கட். ராத்திரி கொத்து ரொட்டி. இவற்றுக்கு நடுவே ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. பத்துக் கரண்டி, ஒரு கரண்டிக்கு 4 கிராம் வைத்தாலும் 40 கிராம் சீனி, தேத்தண்ணியில் மட்டும். 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை இறைச்சிக்காரர்கள் தெம்பாக இருப்பது தின்ற பச்சையாலா, நிறுத்திய பனிஸாலா? இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. அதை நிறுத்துவதற்குப் பச்சை ஈரல் தேவையில்லை.

புரதத்துக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 48 கிராம் வேண்டும். இரண்டு அவித்த முட்டையில் 12. வெந்த கோழியிறைச்சி 100 கிராமில் 27 வரை. ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாட்டில் ஏறத்தாழ 15, ஆனால் உப்பு போகச் சுடுதண்ணியில் ஊறவைத்துக் கழுவ வேண்டும், பிரஷர் உள்ளவர்கள் அளவோடு. கட்டியாகக் கடைந்த பருப்பு ஒரு கோப்பையில் 15க்கு மேல். சோயா மீட் உலர்ந்த நிலையில் பாதி புரதம். கடைசி இரண்டும் வெள்ளிக்கிழமைக்கும் ஆகும், அத்தைக்கும் ஆகும். இதைக் கூட்டிப் பார்த்தால் இறைச்சிக் கடைக்குத் தினமும் ஓட வேண்டியதில்லை என்று தெரியும். இருந்தாலும் அவனுக்கு இறைச்சி ஆசை போகவில்லை, போகவும் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் நன்றாக வெந்த கோழியோ ஆடோ மாடோ, ஒரு நாள் கோழி ஈரல் பிரட்டல் என்று பேசி வைத்தோம். கோழி ஈரலில் இரும்புச்சத்து நிறைய, விலையும் சதையைவிடக் குறைவு. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இரத்தசோகை எவ்வளவு சகஜம் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு காலை உட்கார்ந்திருந்தால் தெரிந்துவிடும். உண்மையில் ஈரல் போய்ச் சேர வேண்டிய தட்டு அவர்களுடையது, என் மச்சானுடையது இல்லை.

இரும்பு என்றதும் நம் ஊரின் ஒரு முரணைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாப்பிட்ட கையோடு சாயத் தேத்தண்ணி குடிப்போம். தேயிலையில் உள்ள டனின், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது, பாதிக்கு மேல்கூடக் குறைத்துவிடும். இறைச்சியில் உள்ள இரும்பை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதனால் "இறைச்சி சாப்பிட்டதும் தெம்பு வந்தது" என்கிற அனுபவத்தில் ஒரு பங்கு இதிலிருந்தும் வரலாம். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டால், வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிந்தால், காசு செலவில்லாமல் இரும்பு கூடும். தேயிலைத் தோட்டத்தில் நின்று இதைச் சொல்வது கொஞ்சம் துரோகம்போல்தான் இருக்கிறது.

ரொட்டியை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. மூன்றை ஒன்றாக்கி, மாவில் குரக்கன் கலந்து, பக்கத்தில் முட்டை. அவனுக்கு இது பெரிய ஏமாற்றம்தான். புலிபோல் வாழ வந்தவனுக்குக் குரக்கன் ரொட்டி. "நம்ம ஆளுங்க முனியாண்டிக்குக் கிடா வெட்டுறப்போ எல்லாம் பச்சையாவா தின்னாங்க?" என்று கேட்டேன். வெட்டின சூடு ஆறுவதற்குள் ரத்தத்தைக்கூட வெங்காயம் போட்டுப் பொரித்துத்தானே தின்கிறோம். மிச்ச இறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவி அடுப்புக்கு மேலே கம்பியில் கோர்த்து உப்புக்கண்டம் போடுவோம், அதையும் சுட்டோ பொரித்தோதான் வாயில் வைப்போம். அதற்குச் சிரித்தான்.

ஆரோக்கியமான, மருந்து எதுவும் போடாத ஒருவர், செலவும் தாங்கும் என்றால், மூன்றாவது வழியை ஒரு மாதம் டாக்டருக்குச் சொல்லிவிட்டுச் செய்து பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முன்னும் பின்னும் சீனியும் கொழுப்பும் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு நாலாவது. ஏற்கெனவே பச்சையாகச் சாப்பிட்டுவிட்டு இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால்: வயிற்றுப்போக்கு வந்தால் ஜீவனி என்ற உப்பு-சீனித் தூளைக் கரைத்துக் குடியுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல், இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன தின்றீர்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

அந்த அரைக் கிலோவை அன்று பகலே முற்றத்தில் மூன்று கல் வைத்து, தனிச் சட்டியில், மிளகும் இஞ்சியும் இடித்துப் போட்டு இரண்டு மணி நேரம் வேகவைத்தோம். ஜன்னல் திட்டை என் மனைவி சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தாள், தம்பியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே. ஞாயிற்றுக்கிழமை அவன் கொழும்புக்குத் திரும்பினான். இப்போது தேத்தண்ணிக்கு அரைக் கரண்டி சீனி, பனிஸ் இல்லை, கொத்து ரொட்டி சனிக்கிழமை மட்டும் என்கிறான். சாப்பிட்டவுடன் தேத்தண்ணி குடிப்பதை மட்டும் விட முடியவில்லையாம். மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்குத் தை மாதம் திகதி எடுத்திருக்கிறான்.